நாலு ரூபாய் வித்தியாசம்

கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஓர் இரவு எங்கள் வீட்டு மோட்டார் எரிந்துபோனது. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் ஒரே ஏற்பாடுதான்: கீழே சம்ப், மேலே டேங்க், இரண்டுக்கும் நடுவில் ஒரு எச்.பி. மோட்டார். டேங்க் நிரம்பினாலோ, சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தாலோ மோட்டாரைத் தானாக நிறுத்த நானே ஒரு பெட்டி செய்து மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் மாட்டியிருந்தேன். இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. அன்றைக்கு ராத்திரி நிறுத்தவில்லை. டேங்க் வழிந்து, சம்ப் காலியாகி, அதற்குப் பிறகும் விடிய விடிய மோட்டார் வெறுங்காற்றை இழுத்திருக்கிறது. காலையில் தொட்டுப் பார்த்த அப்பா கையை உதறிக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போச்சு."

பெட்டியைத் திறந்தேன். மின்சாரத்தைச் சமன்படுத்தும் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. ரிலேயின் உள்ளே இருந்த இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டையும் ரிச்சி தெருவில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஒரிஜினல் வேணுமா தம்பி, சாதா போதுமா?" என்று கடைக்காரர் கேட்டார். கெப்பாசிட்டரில் வித்தியாசம் நாலு ரூபாய். "சாதாவே போதும்ணே, வீட்டுக்குத்தான்" என்றேன்.

வீட்டுக்குத்தான் என்றால் ஏன் சாதா போதும்? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மோட்டார் காயில் கட்டக் கொடுத்துவிட்டு வரும்போது வயிற்றைக் கலக்கியது வேறு விஷயம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தேன். அதே கவரில் மிச்சமிருந்த கெப்பாசிட்டர், அதே ரிலே. அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் வராவிட்டால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். அந்த நாலு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

*

ஒரே பொருளுக்கு இரண்டு விலை என்பது எப்போதும் இருந்த வழக்கம் இல்லை. என் பெரியப்பா எண்பதுகளில் அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து கொடுத்தவர். அவரிடம் கேட்டால் சிரிப்பார். "அப்பல்லாம் நல்லதா கெட்டதான்னு எங்கடா பார்த்தோம். இருக்கா இல்லையான்னுதான் பார்த்தோம்."

அவர் சொல்வது சரிதான். பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1954-ல் தொடங்கப்பட்டது. ராணுவத்துக்கான கருவிகள் செய்வதுதான் முதல் நோக்கம். 1960களின் தொடக்கத்தில் அங்கே ரேடியோ வால்வுகளும், பிறகு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் தயாராக ஆரம்பித்தன. 1947-ல் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் பதினைந்து வருஷத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் வந்தது ஒரு சின்ன வாய்க்கால் வழியாக. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். சுங்க வரி அதிகம். வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் அது. 1973-ல் கேரள அரசு கெல்ட்ரானைத் தொடங்கிய பிறகு கண்ணூரில் கெப்பாசிட்டர்கள் தயாராயின. இப்படி நாலைந்து இடத்தில் நாட்டுக்கு வேண்டிய அளவைவிடக் குறைவாகவே உருவாகிக்கொண்டிருந்தது.

அதனால் பொழுதுபோக்குக்கு சர்க்யூட் கட்டுகிறவர்கள் செத்துப்போன ரேடியோவிலிருந்து பார்ட்ஸைக் கழற்றி, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்து, தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வார்கள். பெரியப்பாவிடம் அப்படிப்பட்ட தீப்பெட்டிகள் இன்னும் இருக்கின்றன, மேலே நம்பர் எழுதி. தரம் என்பது அவருக்குக் கடையில் கேட்டு வாங்கும் விஷயமாக இருந்ததே இல்லை. மீட்டர் முள் ஆடினால் நல்லது, ஆடாவிட்டால் குப்பை.

அந்த பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த எஸ். ரங்கராஜனை நமக்கு சுஜாதா என்ற பெயரில் தெரியும். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்த இயந்திரத்தை ஒரு எலக்ட்ரானிக்ஸ்காரனின் கண்ணோடு பாருங்கள். உள்ளே அசாத்தியமான வேகமோ பிரமாதமான புதுமையோ தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் வருஷக்கணக்கில் ஏதோ ஒரு கிடங்கில் கிடந்துவிட்டு, ஒரு நாள் வெயிலில் லாரியில் குலுங்கிப் போய், கரண்ட் இல்லாத பள்ளிக்கூடத்தில் பேட்டரியில் ஓடி, ஓர் ஓட்டுகூடத் தவறாமல் எண்ண வேண்டும். அங்கே ஒரு பார்ட்டின் விலை என்பது அது தோற்றால் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் தீர்மானமாகும். இந்தக் கணக்கை நான் என் தண்ணீர்ப் பெட்டிக்குப் போடவில்லை.

*

1991-க்குப் பிறகு வாய்க்கால் அகலமானது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அந்தப் பட்டியலில் இருந்த ஐ.சி. போன்ற பொருட்களுக்கான வரி படிப்படியாக இறங்கி 2005 வாக்கில் பூஜ்யமானது. மும்பையின் லாமிங்டன் ரோடு, பெங்களூரின் எஸ்.பி. ரோடு, டெல்லியின் லஜ்பத் ராய் மார்க்கெட், நம் ரிச்சி தெரு எல்லாம் நிரம்பி வழிந்தன. அம்பத்தூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு பக்கம் போனால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று பின்னிக்கொண்டு கிடக்கும். பெரியப்பா வாழ்நாளில் தேடி அலைந்ததெல்லாம் இன்று ஒரு சந்துக்குள் டப்பா டப்பாவாக இருக்கிறது.

அப்போதுதான் "ஒரிஜினலா, சாதாவா?" என்ற கேள்வி பிறந்தது. கிடைக்காத காலத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

பெரியப்பாவுக்கு இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தது 2என் 3055 என்ற பவர் டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களில் கொண்டுவந்தது. 15 ஆம்பியர், 60 வோல்ட், 115 வாட். கோயில் திருவிழா ஆம்ப்ளிஃபயரிலிருந்து எலிமினேட்டர் வரை அதைப் பார்க்கலாம். வாழை இலை நுனியை நறுக்கி வைத்த மாதிரி ஓர் உலோகத் தட்டு, நடுவில் மூடி. ஒரு சமயம் மலிவாகக் கிடைக்கிறதே என்று டஜனாக வாங்கி ஒரு ஆம்ப்ளிஃபயரில் போட்டிருக்கிறார். கச்சேரி நடுவில் புகை. மறுநாள் எரிந்துபோன ஒன்றையும், பழைய செட்டிலிருந்து கழற்றிய ஒன்றையும் ரம்பத்தால் அறுத்துத் திறந்து பார்த்தார். பழையதன் உள்ளே சிலிக்கான் சில்லு துவரம்பருப்பு அளவு. புதியதன் உள்ளே கடுகு. மேலே எழுத்து ஒன்று, மூடி ஒன்று, எடைதான் கொஞ்சம் குறைவு. அதன் பிறகு அவர் 3055-ஐக் கையில் போட்டு எடை பார்க்காமல் வாங்கியதில்லை. இந்த டிரான்சிஸ்டரின் போலிகள் உலகம் முழுக்கப் பிரசித்தம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

போலி எப்படிச் செய்கிறார்கள்? கடுகுச் சில்லு வைப்பது ஒரு வழி. இன்னொரு வழி இன்னும் எளிது. சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் குய்யூ என்ற ஊர் பல வருஷம் உலகத்தின் மின்கழிவுக் கிடங்காக இருந்தது. உலகெங்கும் தூக்கியெறிந்த போர்டுகளை அடுப்பில் வாட்டி, ஈயம் இளகியதும் சிப்புகளைத் தட்டி எடுப்பார்கள். பழைய எழுத்தைத் தேய்த்து அழித்து, மேலே கறுப்புப் பூசி, புது எழுத்தும் புதுத் தேதியும் அச்சிட்டால் பத்து வருஷப் பழைய சிப் நேற்றுப் பிறந்ததாகிவிடும். இது நம்மைப் போல மொட்டைமாடியில் உட்கார்ந்து சால்டர் வைப்பவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு ராணுவக் கொள்முதலில் போலி என்று சந்தேகிக்கப்பட்ட சுமார் 1,800 சம்பவங்களைக் கண்டது. பார்ட்ஸ் எண்ணிக்கை பத்து லட்சத்துக்கும் மேல். அவ்வளவு காவல் இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி.

*

என்னைக் கவிழ்த்த கெப்பாசிட்டருக்கு இன்னொரு வரலாறு உண்டு. 1999 வாக்கில் தொடங்கி அடுத்த சில வருஷங்கள், உலகெங்கும் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காலத்துக்கு முன்பே உப்பி வெடித்தன. 'கெப்பாசிட்டர் கொள்ளைநோய்' என்றே பெயர். ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் எலக்ட்ரோலைட் கலவைக் குறிப்பை யாரோ திருடினார்கள், பாதியைத்தான் திருடினார்கள், அந்தப் பாதிக் குறிப்பை வைத்துத் தைவானில் செய்தார்கள் என்று ஒரு கதை பரவியது. சினிமாவுக்கு உகந்த கதை. அது எப்படியோ, வேதியியல் தெளிவு: தண்ணீர் கலந்த எலக்ட்ரோலைட்டில் அலுமினியத்தைக் காக்கும் சேர்மானம் சரியாக இல்லாவிட்டால் தண்ணீரும் உலோகமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உருவாகும். வாயு வெளியேற வழி தேடி, தலையில் கீறி வைத்த இடத்தைத் தூக்கும். டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்றவற்றில் இந்த ஆபத்துக்கு உள்ளானவை ஒரு கோடிக்கும் மேல் என்று பின்னாளில் வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. அதற்காக 2005-ல் அந்த நிறுவனம் ஒதுக்கிய தொகை 30 கோடி டாலர். ஒரு கெப்பாசிட்டரின் விலையோ சில சென்ட்டுகள்.

கெப்பாசிட்டர் உள்ளுக்குள் ஈரமான பொருள். சூடு ஏற ஏற அந்த ஈரம் காயும். பொறியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு. நான் வாங்கியதில் 85 டிகிரி என்று எழுதியிருந்தது. அந்த வகையில் 2,000 மணி நேரம் சாதாரணம். தகரக் கொட்டகையில், மூடிய பெட்டிக்குள், ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் 65 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 நான்கு மடங்காகி 8,000 மணி நேரம், பதினோரு மாசம். 105 டிகிரி கெப்பாசிட்டராக இருந்தால் பதினாறு மடங்கு, 32,000 மணி நேரம். மூன்றரை வருஷத்துக்கும் மேல். ராத்திரியில் பெட்டி ஆறும், மழைக்காலம் வரும், அதனால் எனக்குக் கிடைத்த இரண்டு வருஷம் கணக்குக்குப் பொருந்தித்தான் வருகிறது. நாலு ரூபாயின் அர்த்தம் இதுதான். கெப்பாசிட்டர் என்னை ஏமாற்றவில்லை. அதன் உடம்பிலேயே 85 என்று எழுதியிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ரிலே கதை இன்னும் மோசம். அதன் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தது. ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது ஆறு ஆம்பியர் போல எடுக்கும், போதுமே என்று நினைத்தேன். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்தப் பத்து ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான சுமைக்குச் சொன்னது. கெப்பாசிட்டர் காய்ந்ததும் மின்சாரம் ஏறி இறங்க, ரிலே படபடவென்று அடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியிலும் மோட்டாரைக் கிளப்பி நிறுத்தி, கடைசியில் உருகி ஒட்டிக்கொண்டது. உலகத்திலேயே உயர்ந்த ரிலேயை வாங்கியிருந்தாலும் அந்த அளவில் அது தாங்கியிருக்காது. போட்டிருக்க வேண்டியது கான்டாக்டர். ரிலே அதை மட்டும் இயக்கியிருக்க வேண்டும். ஆக, தப்பில் பாதி மலிவுடையது, பாதி என்னுடையது. இதை அப்பாவிடம் நான் முழுசாகச் சொல்லவில்லை.

*

அப்படியானால் விலை அதிகமானதே நல்லதா? எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த இடம். ஒரு டாங்கிக்குள் போகிற எலக்ட்ரானிக்ஸ் பாலைவனத்தின் கொதிப்பையும் லடாக்கின் உறைபனியையும் தாங்க வேண்டும். இப்படிப்பட்ட தேவைக்காகவே சிப் நிறுவனங்கள் ஒரே வடிவமைப்பை மூன்று தரமாகப் பிரித்து விற்றன. எல்.எம். 158 மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை. 258 மைனஸ் 25 முதல் 85 வரை. 358 பூஜ்யம் முதல் 70 வரை. உள்ளே சர்க்யூட் ஒன்றுதான். சோதனையும், உறையும், உத்தரவாதமும்தான் வேறு. என் பெட்டியில் டேங்க் நிரம்பியதைக் கண்டுபிடித்தது சில ரூபாய் விலையுள்ள 358. இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை, இப்போதும் இல்லை. அங்கே 158 போட்டிருந்தால் காசைத் தண்ணீர்த் தொட்டியில் போட்ட மாதிரி.

மலிவும் போலியும் ஒன்றில்லை என்பதற்கு இன்னோர் உதாரணம் உங்களில் பலர் மேஜை மேலேயே இருக்கும். இத்தாலியின் இவ்ரியாவில் 2005-ல் மாணவர்களுக்காக உருவான ஆர்டுய்னோ போர்டின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ரிச்சி தெருவில் கிடைப்பதில் பெரும்பங்கு அப்படிச் செய்ததுதான். ஆனால் அதில் யூ.எஸ்.பி.க்காக இருந்த எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப்பைப் பலர் அதே பெயரைப் பொறித்துப் போலி செய்தார்கள். 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் விண்டோஸ் அப்டேட் வழியாக அனுப்பிய டிரைவர், போலி சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. கம்ப்யூட்டர் அதைத் தேடினாலும் கண்டுகொள்ளாது. போலி என்று தெரியாமல் வாங்கிய மாணவனின் போர்டும் செத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். அதே வேலையைச் செய்யும் சி.எச். 340 என்ற சீன சிப் விலை மிகக் குறைவு. அது தன் சொந்தப் பெயரில் வருகிறது. அதை வாங்குகிறவனுக்கு என்ன வாங்குகிறோம் என்று தெரியும். எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் விலையைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஸ்டேட் 1960களில் வந்தது. பெரிய வாகன நிறுவனங்களுக்கு நட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்து வளர்ந்த சின்னச் சின்னப் பட்டறைகள் அங்கே ஏராளம். ஒரு புஷ் கடைந்து அனுப்பினால் அங்கே இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் ஒருவர் கேஜ் வைத்துப் பார்ப்பார். நுழைய வேண்டிய பக்கம் நுழையணும், நுழையக் கூடாத பக்கம் நுழையக் கூடாது. தவறினால் ரிஜக்ட். ரிஜக்ட் ஆனது கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்; பளபளப்புகூட ஒன்றுதான்.

நம்மிடம் அந்த இன்ஸ்பெக்‌ஷன் ஆள் இல்லை. 'ஒரிஜினலுக்கு' நாம் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பகுதி நமக்குப் பதில் யாரோ கேஜ் வைத்துப் பார்த்ததற்கான கூலி. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கினால், எந்தத் தொழிற்சாலையில் எந்தத் தொகுதியில் வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க வழி உண்டு. டப்பாவிலிருந்து அள்ளிக் கவரில் போட்டு வாங்கினால் அந்த வேலை நம் தலையில். பெரியப்பா தீப்பெட்டியும் மீட்டருமாகச் செய்தது அதைத்தான். கூலி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலையை நாமே செய்ய வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

இப்போது சர்க்யூட் வரைந்ததும் ஒவ்வொரு பார்ட்டுக்கு நேராகவும் பென்சிலில் ஒரு வரி எழுதுகிறேன்: இது செத்தால் என்ன ஆகும்? எல்.ஈ.டி. செத்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். அதற்குச் சாதா போதும். காயவைத்துப் பழகும் பிரெட்போர்டு விளையாட்டுக்கெல்லாம் சாதாதான். இருபது வாங்கி ஐந்தைக் கொளுத்தினால்தான் கை பழகும். விலைக்குப் பயந்து சால்டரைத் தொடாமலே இருப்பது அதைவிட நஷ்டம். 230 வோல்ட்டைத் தொடுவது, சூட்டில் உட்காருவது, இன்னொருத்தர் வீட்டுக்குப் போவது, இந்த மூன்றுக்கும் நான் பேரம் பேசுவதில்லை.

அக்கா வீட்டுக்கு அன்று சாயங்காலமே போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துவிட்டு, "அக்கா, நான் போட்ட பார்ட்ஸ் சரியில்ல. எங்க வீட்டு மோட்டார் போயிடுச்சு. உங்களுதும் போறதுக்குள்ள மாத்திடறேன்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். பெட்டியைத் திறந்தால் கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்ப ஆரம்பித்திருந்தது. விரலால் தடவினால்தான் தெரியும்.

105 டிகிரி கெப்பாசிட்டர், ஒரு கான்டாக்டர், பக்கவாட்டில் காற்றுக்கு நாலு துளை. இறங்கும்போது அக்கா மாவுப் பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "மொதல்லயே இதைப் போட்டிருந்தா எவ்வளவு ஆயிருக்கும்?"

கெப்பாசிட்டருக்கு நாலு ரூபாய் என்றேன். கான்டாக்டர் விலையையும் சொன்னேன்.

"அதைச் சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே தம்பி" என்றார்.